பதினாலு வருஷத்துக் கறை

பாதி எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பாத்ரூம் சுவரை அரை மணி நேரம் தேய்த்த பிறகு ராஜகோபால் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த டைல்ஸின் நிறம் ரோஸ்.

கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்த அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. சுற்றிலும் வெள்ளை. நடுவில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ரோஸ்.

“லோகா, இங்க கொஞ்சம் வாயேன்.”

அவருடைய மனைவி லோகநாயகி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆமா, ரோஸ்தான். வெள்ளை எடுத்தா அழுக்கு தெரியும்னு நீங்கதானே கடையில சண்டை போட்டு ரோஸ் எடுத்தீங்க.”

“அப்ப இத்தனை நாளா பார்த்துகிட்டிருந்த வெள்ளை?”

“அது தண்ணி” என்று சொல்லிவிட்டு லோகநாயகி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கீழ்க்கட்டளையில் அவர்கள் வீடு கட்டிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. போர் போட்ட அன்றைக்கு முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்த மேஸ்திரி, அதன்பிறகு ஒரு வாரம் வீட்டுச் சாப்பாட்டில் உப்பே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அப்படிப்பட்ட தண்ணீர். குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றால் கால்மணி நேரத்தில் ஆள் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடுவான். ஷவரில் எண்பது ஓட்டை. எழுபத்தொன்பது அடைத்துப்போய், மிச்சமிருந்த ஒன்றே ஒன்று எதிர்ச் சுவரில் இருக்கும் சோப்பைக் குறிபார்த்து அடித்துக் கீழே தள்ளும். ஐந்து வருஷம் புழங்கிய எவர்சில்வர் குடத்தைப் பழைய பாத்திரக்காரன் எடை போட்டபோது, வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூட இருந்தது. தராசு சரியில்லை என்று அவன் மூன்று தரம் நிறுத்துப் பார்த்தான்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மே மாதம். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபால் வீட்டுப் போர் மட்டும் ஒரு அங்குலம் இறங்கவில்லை. அதுவும் அவருக்குத் துக்கம்தான். வற்றித் தொலைத்திருந்தால் அவரும் லாரித் தண்ணீர் வாங்கியிருப்பார். லாரித் தண்ணீரில் கறை படியாது என்று கேள்வி.

இதெல்லாம் பதினாலு வருஷமாகப் பழகிப்போன சங்கதிதான். இப்போது அவரை எலுமிச்சம்பழத்தோடு பாத்ரூமில் உட்கார வைத்தது மகன் ஷ்யாம்சுந்தரின் கல்யாணம்.

ஷ்யாமுக்கு முப்பத்து நாலு வயது. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. வரன் பார்க்க ஆரம்பித்தபோது அவன் நெற்றி மூன்று விரற்கடை இருந்தது. இப்போது அதற்கு எல்லை எது என்று சொல்ல முடியாது. ஒன்பது இடம் தட்டிப்போய்விட்டது. கடைசியாக வந்த நங்கநல்லூர்க்காரர்கள் ஜாதகம், சம்பளம், சொந்த வீடு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார்கள். பெண்ணின் அம்மா குழாயை விரலால் ஒரு தடவு தடவினாள். விரலைப் பார்த்தாள். ஷ்யாமின் தலையைப் பார்த்தாள்.

“எங்க பொண்ணுக்கு முடி இடுப்புக்குக் கீழ இருக்குங்க” என்றாள். அதோடு சரி.

பத்தாவதாகக் குரோம்பேட்டையில் ஒரு பெண், பெயர் துர்கா. டீச்சர். ஜாதகம் பொருந்தியிருந்தது. ஷ்யாமும் அவளும் ஒரு தரம் போனில் பேசி, போனை வைக்க ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஷ்யாம் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். அதைப் பார்த்த லோகநாயகி சமையலறையில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த இடம் தட்டிப்போனால் அவன் இனி யாரையும் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், ராஜகோபாலுக்கும் தெரியும். 

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வீடு பார்க்க வருவதாகத் தரகர் குப்புராஜ் வெள்ளிக்கிழமையே போன் செய்திருந்தார்.

“நான் வர முடியாது சார், அன்னிக்குக் குன்றத்தூர் மலையில ஒரு கல்யாணம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அவங்களுக்குத் தண்ணி விஷயம்தான் முக்கியம். நகை, சீர், எதைப் பத்தியும் பேசல. முதல் கேள்வியே ‘வீட்ல தண்ணி எப்படி’ன்னுதான் கேட்டாங்க.”

ராஜகோபால் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். “நீங்க என்ன சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன். மத்ததை நேர்ல பார்த்துக்கட்டும். வந்ததும் குழாயைத்தான் பார்ப்பாங்க. பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஒரு தரகர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது வரன் பார்த்தவருக்குத் தெரியாதா?

அப்படித்தான் சனிக்கிழமை காலை அவர் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்தார். ஒரு பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் போட்டிருந்ததாம். தேய்த்ததன் பலன், அதுவரை யார் கண்ணிலும் படாத கறை இப்போது ஊருக்கே தெரிந்தது. வெள்ளைச் சுவர் என்று பேசாமல் இருந்திருக்கலாம். நடுவில் ஒரு ரோஸ் பொட்டு வந்த பிறகு, மற்றதெல்லாம் கறை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

“அந்தப் பொட்டு மேலயும் உப்பைப் பூசிட முடியாதா?” என்று கேட்டான் ஷ்யாம், பல் தேய்க்க வந்தவன்.

“நீ உன் வேலையைப் பாரு.”

“குழாய் கிட்டப் போக விட்டாப் பாக்கறேன்” என்றான் ஷ்யாம், பிரஷைக் காட்டி.

எலுமிச்சம்பழம் காணாது, வினிகர்தான் சரி என்று லோகநாயகி சொன்னாள். ராஜகோபால் போய் அண்ணாச்சி கடையில் இருந்த பதினோரு பாட்டிலையும் வாங்கி வந்தார். “ஊறுகாய் வியாபாரமா சார்?” என்று அண்ணாச்சி கேட்டபோது பையை விரித்துப் பிடித்தார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, வினிகரில் நனைத்து, வீட்டிலிருந்த ஏழு குழாய்களுக்கும் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துப் பார்த்தபோது எல்லாக் குழாயும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாதிரி இருந்தன.

வேலைக்கு வந்த பச்சையம்மா வாசலிலேயே நின்றாள்.

“இன்னா சார், வூட்ல ஒரே நாத்தமா கீது. யாருக்குனா அடி பட்டுச்சா?”

“குழாய்க்குக் கட்டுப் போட்டிருக்கேன். யாரும் திறக்கக் கூடாது.”

“அப்ப நான் பாத்தரத்தை இன்னாத்துல கழுவறது, எச்சிலா துப்பி?”

“ஒரு மணி நேரம் பொறு.”

ஒரு மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்த்தார். குழாய்கள் நிஜமாகவே பளபளத்தன. ராஜகோபால் வாழ்க்கையில் அதிகம் சிரித்தவரில்லை. இப்போது குழாயில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்புறம்தான் குனிந்து தரையைப் பார்த்தார். சொட்டிய வினிகரால் மொசைக் தரை குழாய்க்கு ஒரு இடம் வீதம் அம்மைத் தழும்பு மாதிரி பொரிந்து வெளுத்திருந்தது.

“இதுக்குப் புளி போடு சார்” என்றாள் பச்சையம்மா. “எங்க நாத்தனாரு வூட்ல செப்புக் குடமே கண்ணாடி மாதிரி ஆய்டும்.”

“இது குடமில்ல, தரை.”

“கறை கறைதான சார். அதுக்கு இன்னா தெரியும், குடத்துல கீறோமா தரையில கீறோமான்னு.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக ராஜகோபாலுக்குப் பட்டது, அவ்வளவு களைத்திருந்தார். அரைக் கிலோ பழைய புளியைக் கரைத்துத் தரையில் தடவினார்கள். வெளுத்த இடங்கள் எல்லாம் காபிக் கொட்டை நிறத்துக்கு மாறின. “வெள்ளை போச்சு பாத்தியா” என்றாள் பச்சையம்மா.

புளியை எடுக்கச் சமையல் சோடா உப்பு என்று லோகநாயகி சொன்னாள். வினிகர் ஈரம் காயாத தரையில், இரண்டு பொட்டலம் சோடா உப்பை ராஜகோபால் விதை தெளிக்கிற மாதிரி தூவினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். முதலில் கணுக்காலுக்கு வந்த நுரை, அவர் வழுக்கிவிடாமல் கதவைப் பிடித்துத் திரும்புவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஷ்யாம், எதுவும் கேட்காமல் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். நுரை அவனைக் கடந்து வாசல்படி வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடங்கியது.

இத்தனையையும் கழுவியாக வேண்டும். இருபது வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், மிச்சமிருந்த வினிகரால் சுவரையும் தேய்த்தார்கள். தரை சுத்தமானது. டைல்ஸ் முழுக்க ரோஸ். குழாய் பளபள. நாலு பேரும் சுவரோரமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். வெயிலில் தரை காய ஆரம்பித்தது. காயக் காய, ஒவ்வொரு சொட்டு இருந்த இடத்திலும் ஒரு வெள்ளை வட்டம் எழுந்து வந்தது.

“கழுவின தண்ணியே அதானே” என்றாள் லோகநாயகி.  

டீயைக் குடித்து முடித்த ராஜகோபாலுக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சரக்கு வெளியே போகாமல் இருக்க வேண்டுமென்றால் கதவைப் பூட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். மாடிக்கு ஏறி டேங்கின் கேட் வால்வை இறுக்கி மூடினார். இறங்கி வந்து மோட்டார் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வாளியில் வடித்து வாசலில் கொட்டினார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க போற வரைக்கும் இந்த வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி குழாய் வழியா வரக்கூடாது.”

“வந்தா?”

“காயும். காஞ்சாக் கறை.”

“குளிக்கிறது?” என்றான் ஷ்யாம்.

“உங்க ஆபீஸ்லதான் உடற்பயிற்சிக் கூடம், குளியலறை எல்லாம் இருக்குன்னு சொன்னியே.”

“ஞாயித்துக்கிழமை, குளிக்கறதுக்காகக் கேளம்பாக்கம் போகணுமா?”

“உனக்குக் கல்யாணம் ஆகணுமா வேண்டாமா?”

 ஷ்யாம் துண்டை எடுத்துப் பையில் வைத்தான். பச்சையம்மா, தண்ணீர் இல்லாத வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று சொல்லி, இரண்டு நாள் லீவை வாயாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடையிலிருந்து ஆறு கேன் குடிதண்ணீர் வந்து இறங்கியது. அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒவ்வொரு டைல்ஸாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார்கள், காய்ச்சல்காரக் குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி. கடைசியாக, ஈரம் ஒட்டாமல் இருக்க ஏழு குழாய்க்கும் தேங்காயெண்ணெய் தடவினாள் லோகநாயகி. குழாய்கள் அபிஷேகம் ஆன விக்கிரகம் போல மினுங்கின.

ஞாயிறு நாலு மணிக்குப் பெண்ணின் அப்பா ராஜாராமனும், அவருடைய அக்கா தனமும் வந்தார்கள். ராஜாராமன் சாதுவான மனிதர், அதிகம் பேசவில்லை. தனம் அந்தக் குடும்பத்தின் கண். கேசரியைச் சாப்பிட்டு முடிக்கும்வரை நல்ல விதமாகப் பேசிக்கொண்டிருந்தவள், தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

“கை கழுவணும்.”

ராஜகோபால் முன்னாலேயே ஓடி, கேன் தண்ணீர் நிரப்பிய மக்கோடு பாத்ரூம் வாசலில் நின்றார். “இதுல கழுவிக்குங்கம்மா.”

“பரவால்லைங்க, குழாய்லயே கழுவிக்கறேன்.”

அவள் குழாயைப் பிடித்தாள். எண்ணெயில் கை வழுக்கியது. இரண்டாம் தரம் புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினாள். நுஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்து நின்றது.

“இப்பத்தான் டேங்கைக் கழுவ...” என்று ஆரம்பித்த ராஜகோபால், கழுவினால் ஏன் கழுவினீர்கள், எதனால் கழுவினீர்கள் என்று கேள்வி உப்பில்தான் வந்து நிற்கும் என்பது புரிந்து வாயை மூடிக்கொண்டு மக்கை நீட்டினார்.

தனம் கை கழுவினாள். பிறகு, அவர் பயந்த மாதிரியே, குழாயை விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை. அடியில் தடவினாள். டைல்ஸில் தடவினாள். ஷவரை அண்ணாந்து பார்த்தாள். முந்தின நாள் ஊசியால் குத்தியதில் எண்பது ஓட்டையும் துல்லியமாகத் திறந்திருந்தன. ராஜகோபாலுக்கு இரண்டு நாள் முதுகுவலி ஒரே நிமிஷத்தில் போனது.

“தம்பி, இங்க வா” என்று கூப்பிட்டாள். ராஜாராமனும் வந்து தடவிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எல்லாம் புதுசா மாத்தினதுங்களா?” என்றார் ராஜாராமன்.

“அதெல்லாம் இல்லைங்க” என்றார் ராஜகோபால், நெஞ்சை நிமிர்த்தி. “வீடு கட்டினப்பப் போட்டது. பதினாலு வருஷம் ஆச்சு.”

“பதினாலு வருஷமா இப்படியேவா இருக்கு?”

“இப்படியேதான். ஒரு பொட்டுக் கறை படிஞ்சதில்ல.”

தனம் மெதுவாக, “இங்க லாரி வருங்களா?” என்று கேட்டாள்.

ராஜகோபால் உஷாரானார். உப்புத் தண்ணீர்க்காரன்தானே நல்ல தண்ணீருக்கு லாரி பிடிப்பான்? இந்த அம்மா சுற்றி வளைத்து அங்கேதான் வருகிறாள். “லாரியா? எங்க தெருப் பக்கமே அது வந்தது கிடையாதுங்க.”

“அப்ப குளிக்கறது, துவைக்கறது...”

அந்த நேரம் பார்த்து, தலை வாரிப் பவுடர் போட்டு வந்து நின்ற ஷ்யாம், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாதவன், “நான் ஆபீஸ்ல போய்க் குளிச்சிட்டு வந்துட்டேன் ஆன்ட்டி” என்றான்.

தனம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் தெரிந்தது நிச்சயமாக அன்புதான் என்று லோகநாயகி பிற்பாடு சொன்னாள். கிளம்பும்போது தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ரொம்பப் பொறுமைசாலிங்க” என்றாள். கண்கூடக் கலங்கியிருந்ததாம்.

“முடிஞ்ச மாதிரிதான்” என்றார் ராஜகோபால், கேட்டைச் சாத்திவிட்டு. “இதுவரைக்கும் எந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களாவது உன் கையைப் பிடிச்சிருக்காங்களா?”

மாடியேறி வால்வைத் திறந்தார். பியூஸைச் செருகினார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த தண்ணீர் ஏழு குழாயிலும் இருமிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக, வஞ்சனையில்லாமல் குளித்தார்கள். ஷ்யாம் உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்தது வெளியே கேட்டது. அவன் குளிக்கும்போது பாடி லோகநாயகி கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலையில் ராஜகோபால் பல் தேய்க்கப் போனபோது, குழாயின் மூக்கில் கடுகளவுக்கு ஒரு வெள்ளை பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இனி அது பாட்டுக்குப் படியட்டும். கல்யாணம் வரைக்கும் ரோஸ் தெரிந்தால் போதும்.

கூடத்தில் போன் அடித்தது. பிரஷை வாயில் வைத்தபடியே ஓடிப்போய் எடுத்தார். லோகநாயகி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். ஷ்யாம் ஷூவில் ஒரு கால் நுழைத்த நிலையில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“சொல்லுங்க குப்புராஜ். நாள் குறிக்கச் சொன்னாங்களா?”

மறுமுனையில் தரகர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அழுகிற குரலில்தான் பேசினார்.

“போர் வத்தி, குடிக்கத் தண்ணியில்லாம ஒரு வருஷமா லாரிக்குக் காத்துக் கிடக்கற குடும்பம் சார் அது, குழாய்க்குக் குழாய் உப்புக் கறை படிஞ்சு கிடக்கும், அவ்வளவு தண்ணி உள்ள வீடுன்னு சொல்லித்தானே நான் அவங்களை அனுப்பினேன், உங்க வீட்டுக் குழாய்ல பதினாலு வருஷமாத் தண்ணியே வந்ததில்லைன்னு நீங்களே எதுக்கு சார் சொன்னீங்க?”